பாறைக்கு இந்தப் பக்கம் நின்று எழுதிய வரி

போன வாரம் உங்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வாக்காளர் கணக்கெடுப்புக்கு முதல்முறையாகப் போகப்போகிறோம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், மைப்பேனாவுக்குப் பதில் பால்பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. சொல்ல வேண்டியது வேறு. அது என்னுடைய தப்பு என்பதால் வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று இதை எழுதுகிறேன். நாளும் நேரமும் என் டைரியில் உள்ளபடி. பேச்சுகள் மட்டும் நினைவிலிருந்து.

இரண்டாவது பொதுத்தேர்தலுக்கு முந்தைய வருஷம். எனக்கு வயது இருபத்தேழு. தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. போடிநாயக்கனூரில் சில தெருக்களும், குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த காட்டு வீடுகளும் என் பொறுப்பு. ஓட்டுரிமை யாருக்கு என்று அச்சடித்த ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இந்தியக் குடியாக இருக்க வேண்டும். இருபத்தோரு வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் நூற்றெண்பது நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அதன் கீழே தகுதியில்லாதவர்கள் யார் என்று ஒரு சிறு பகுதி. நான் அதை முழுவதும் மனப்பாடம் செய்திருந்தேன். ஆபீசில் யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். அதில் எனக்குப் பெருமை.

தெருக்களை முடித்தபின் மலை மிச்சம் இருந்தது. எனக்கு மலை என்றால் பயம். அட்டை, வழுக்கல் எல்லாம் இரண்டாம்பட்சம். யானைதான். அந்த மழைக்காலத்தில் தேவாரம் ஊர்ப் பக்கம் சோளக்காட்டில் யானை இறங்கி நாசம் செய்திருந்தது. குரங்கணிப் பாதையிலும் கண்டதாகப் பேச்சு. டீக்கடையில் நான் இதை விசாரித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் இருந்த ஒருவர், "நான் கூட வர்றேன் சார். எங்க அண்ணன் காடு மேலதான் இருக்கு. எனக்கு ஒவ்வொரு மரமும் தெரியும்" என்றார். பெயர் வீரணன். கீழே நிலம் வைத்திருந்த விவசாயி. எனக்குப் போன உயிர் வந்தது. அவர் யார், எதற்காக வருகிறார் என்று நான் கேட்கவில்லை.

காலை ஏழே காலுக்குக் கிளம்பினோம். வீரணன் வழிநெடுகச் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். தன் மாட்டைப் பற்றி, மச்சினன் கல்யாணத்தைப் பற்றி, மறுபடியும் மாட்டைப் பற்றி. பெரிய வாயாடி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு ஒரு பெரிய பாறையின் அருகே வந்தோம். பாறைக்கு அந்தப் பக்கம் ஏலக்காடு. அங்கிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பேச்சும் அதட்டலுமாக, நடுவில் பாட்டு மாதிரியும். எட்டிப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கையில் அரிவாளோடு செடிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். வேறு ஆளே இல்லை.

வீரணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்க மதினிதான் சார். குருவம்மா. அண்ணன் போனதுலருந்து இப்படித்தான். மரத்தோட பேசும், மட்டையோட பேசும். கிட்டப் போகாதீக, அருவாள வீசிரும்."

நான் போகவில்லை. பாறைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து வீரணனிடம் கேட்டு எழுதினேன். பெயர், வயது, கணவர் பெயர், வீட்டு எண். குறிப்பு எழுதும் கட்டத்தில், 'சித்த சுவாதீனம் இல்லாதவர். சேர்க்கத் தகுதியற்றவர்' என்று எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. தகவல் சொன்னவர் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. மழை தூறியதால் அதை அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். அந்தப் பாறையருகே நான் செலவழித்தது எட்டு நிமிஷம் என்று டைரி சொல்கிறது.

வரைவுப் பட்டியல் ஒட்டியதும் வீரணன் ஆபீசுக்கு வந்தார். மதினியின் வரிக்கு நகல் வேண்டும் என்றார். முறைப்படி மனு கொடுத்தார். முறைப்படி நானே எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் மதியம் இரண்டு மணி. ஆபீஸ் வாசலில் ஒரு குரல், பியூனிடம்: "அப்பு, என்னைப் பைத்தியம்னு எழுதினவரு யாருப்பா? அவரைப் பாக்கணும்."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையை ரிஜிஸ்தருக்குள் தாழ்த்திக்கொண்டேன். பியூன் கையைக் காட்டிவிட்டான். குருவம்மாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார். கால் முட்டி வரை செம்மண். மலையிலிருந்து நேரே நடந்து வந்திருந்தார்.

"நீங்கதானா ஐயா?"

"ஆமாம்."

"உங்கள நான் பாத்ததே இல்லையே."

"நான் உங்களைப் பார்த்தேன்."

"எங்கிட்டு இருந்து?"

"பாறைகிட்ட இருந்து."

"அந்தப் பாறைக்கும் எனக்கும் கூப்பிடு தூரம். அம்புட்டுத் தூரத்துல நின்னா ஆம்பளையா பொம்பளையான்னுதான் தெரியும். புத்தி தெரியுமாங்கய்யா?"

யாரும் இப்போது சிரிக்கவில்லை. அந்த அம்மாள் குரலை உயர்த்தவும் இல்லை.

விஷயம் இதுதான். வீரணன் என் நகலை ஊர் முழுவதும் காட்டியிருக்கிறார். 'சர்க்காரே எழுதிட்டாக. இனி கோர்ட்டுல குடுத்து காட்டை என் பொறுப்புல வாங்கிருவேன். மதினியப் பைத்தியம் தெளியிற கோயில்ல கொண்டுபோய் விட்டுருவேன்' என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட கோயில்களில் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. காலில் சங்கிலி மாட்டித் தூணில் கட்டுவார்கள். தெளிந்துவிட்டது என்று கொண்டுவந்து விட்டவர்கள் சொல்லும்வரை.

"ஓட்டு கெடக்கட்டும்யா. அது இல்லாமத்தான் இம்புட்டு நாளும் இருந்தேன்" என்றார். "நீங்க எழுதினதை அழிச்சிருங்க. ராத்திரி நாய் கொலைச்சா, ஆள் கூட்டிக்கிட்டு வந்துட்டானோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்."

அழிக்க முடியாது, மனு போடலாம் என்றேன். கெடு முடிய மூன்று நாள் இருந்தது. பெயர் சேர்க்கக் கோரும் மனுவை நானே எழுதினேன். பெருவிரல் ரேகை வைத்தார். பதிவு அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, நேரில் போய் மறுவிசாரணை செய்து அறிக்கை கொடு என்று என் பெயரையே எழுதினார். அவருக்கு நான் அந்தக் குறிப்பை எப்படி எழுதினேன் என்பது தெரியாது.

அன்று மாலை, எனக்கு மூத்த குமாஸ்தா என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். என்மேல் பிரியமுள்ள மனிதர். "மாப்ளே, அந்த நோட்டுல அந்தப் பக்கத்த மட்டும் மாத்தி எழுதிரு. நூல் பிரிச்சுத் தைக்கிற ஆள் எனக்குத் தெரியும்" என்றார்.

"நகல் வீரணனிடம் இருக்கிறதே அண்ணே."

"இருக்கட்டுமே. அவன் பொய்யா எழுதிக்கிட்டான்னு சொல்லிரு."

"என் கையெழுத்து."

"ஒன் கையெழுத்து மாதிரி எவன் வேணா எழுதுவான். யோசி. மெமோ வந்தா வேலை நிரந்தரம் ஆகாது. வீட்டுல புள்ளத்தாச்சி வேற."

மாட்டேன் என்று சொன்னதாக நினைக்காதீர்கள். யோசிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைய டைரியில் 'அண்ணன் சொன்னது சரியாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை ஆறரைக்குக் குரங்கணியில் குருவம்மாள் காத்திருந்தார். துணைக்கு வேறு யாரும் இல்லை. மூடுபனி. பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். சோலைக்காடு ஆரம்பிக்கும் இடத்தில் அவர் நின்றார். பாதையின் நடுவில் யானைச் சாணம். அதிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்தில் ஒரு மரக்கிளை தோல் உரிந்து வெள்ளையாகத் தொங்கியது.

திரும்பிவிடலாம் என்றேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

குருவம்மாள் பனியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். உரக்க, நிதானமாக. "சாமி, நான்தேன் குருவம்மா வர்றேன். கூட ஒரு ஐயா வர்றாக. தாலுகா கச்சேரி ஐயா. எங்க சோலியப் பாத்துட்டுப் போயிருவோம். நீங்க உங்க சோலியப் பாருங்க. குட்டி இருந்தா அங்கிட்டுக் கூட்டிப் போயிருங்க..."

பாறைக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்ட அதே குரல்.

"என்ன முழிக்கிறீக? மனுசச் சத்தம் கேட்டா அது ஒதுங்கிக்கிடும். சத்தமில்லாமப் போய் மேல முட்டுனாத்தான் ஆபத்து. மேல இருக்கிற அம்புட்டுப் பேரும் பேசிக்கிட்டுத்தான் நடப்பாக. ரெண்டு பேரு போனா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடலாம். ஒத்தையில போறவ யாருகிட்டப் பேச?"

வீரணனின் மாடும் மச்சினன் கல்யாணமும் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

"நீங்களும் பேசுங்கய்யா. ஆம்பளச் சத்தமும் கேக்கட்டும்."

"என்ன பேச?"

"எதையாச்சும். வெரசாப் பேசுங்க."

மரங்களுக்குள் ஏதோ முறிந்தது. என் மண்டையில் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த அந்தத் தாள்தான் வந்தது. "இந்தியக் குடியாக இருக்க வேண்டும்!" என்று கத்தினேன். "இருபத்தோரு வயது நிறைந்திருக்க வேண்டும்!"

"நல்லா இருக்கு. இன்னும் சத்தமா."

"நூற்றெண்பது நாளுக்குக் குறையாமல் தொகுதியில் குடியிருந்திருக்க வேண்டும்! சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுந்த நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டவராக இருக்கக் கூடாது!"

கத்திக்கொண்டே நடந்தோம். தாள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை குருவம்மாள் குறுக்கிட்டார்.

"அது என்னய்யா, கோர்ட்டுன்னு என்னமோ சொல்றீகளே?"

சொன்னேன். ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தால்தான் ஓட்டு கிடையாது.

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப நீங்க கோர்ட்டாங்கய்யா?"

நூறு தடவை ஒப்பித்த வரி அது. 'நீதிமன்றத்தால்' என்ற சொல் அதில் இருப்பதை அன்றைக்குத்தான், பயத்தில் கத்திக்கொண்டு நடந்தபோது, என் காது கேட்டது. நான் வீரணன் சொன்னதை எழுதியது ஒரு தப்பு. அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும், அதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்பது அதைவிடப் பெரிய தப்பு.

அவர் குடிசையில் ஒரு மணி நேரம் இருந்தேன். எல்லாக் கேள்வியும் கேட்டேன். எத்தனை மாதம் இங்கே இருக்கிறார், எப்போது கீழே இறங்குவார், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் யார் யார். தடங்கலில்லாமல் பதில் வந்தது. கணவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. குத்தகைப் பத்திரத்தை எடுத்து வந்து, "இதுல இருக்கு, வாசிச்சுக்கங்க" என்றார். இறங்கும்போது பாதி வழி வரை துணைக்கு வந்தார். அதன்பின் நான் தனியாக, கத்திக்கொண்டே இறங்கினேன். எதிரே விறகுக் கட்டோடு வந்த இருவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "பெரியவரு அங்கிட்டுப் போயிட்டாரு, வாங்க" என்றார்கள். யானையைத்தான் சொன்னார்கள்.

விசாரணை, போடியில் அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவில். கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்து. வராந்தா முழுவதும் கூட்டம். பதிவு அதிகாரி கண்டிப்பானவர். நான் பக்கத்தில் நோட்டோடு நின்றேன். பக்கம் மாற்றப்படவில்லை. தைக்கிற ஆளைப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதே அதற்குப் பாதிக் காரணம்.

வீரணன் நகலை நீட்டினார். "ஐயா, உங்க ஆபீஸ்லயே எழுதிக் குடுத்தது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உம்முடைய கையெழுத்தா?"

"ஆமாம் ஐயா."

"விசாரித்து எழுதியதுதானே?"

'ஆமாம்' என்பது சின்னச் சொல். அதைச் சொல்லியிருந்தால் என் வேலை பிழைத்திருக்கும். மறுவிசாரணையில் குணமாகியிருப்பதாகத் தெரிகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த அம்மாள் பெயரும் பட்டியலில் ஏறியிருக்கும். இரண்டு பேருக்கும் நல்லதுபோலத் தோன்றும் அந்த வழி முந்தின நாள் முழுவதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒருகாலத்தில் பைத்தியமாக இருந்தவர் என்று சர்க்கார் நோட்டில் நின்றுவிடும். வீரணனுக்கு அது போதும். குருவம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை ஐயா" என்றேன். "அந்த அம்மாளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கிட்டப் போகவில்லை. இவர் சொன்னதை எழுதினேன். கோர்ட்டு உத்தரவு எதுவும் இல்லை. இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை. காட்டில் அந்த அம்மாள் தனியாகப் பேசியது யானைக்காக. மேலே எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள். அன்றைக்கு வீரணனும் அப்படித்தான் பேசிக்கொண்டு வந்தார்."

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அப்புறம் குருவம்மாளிடம் கேட்டார். பெயர், வயது, குடியிருப்பு. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

"புருஷன் பேர் என்ன?"

குருவம்மாள் மறுபடி தரையைப் பார்த்தார்.

வீரணன் துள்ளினார். "பாத்தீகளா ஐயா! கட்டுன புருசன் பேரே மறந்துபோச்சு."

குருவம்மாள் நிமிர்ந்தார். "ஏண்டா, ஒம் பொண்டாட்டி ஒம் பேரச் சொல்லுவாளா? இந்தா, தெருவுலதேன நிக்கிறா, கூப்பிடு. ஐயா முன்னால ஒம் பேர வாய் தெறந்து சொல்லச் சொல்லு. சொல்லிட்டான்னா நான் பைத்தியம்னு இங்கயே ரேகை வச்சுத் தர்றேன்."

வராந்தா அதிர்ந்தது. அதிகாரிகூட வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டார். வீரணன் மனைவியைக் கூப்பிடவில்லை.

பெயர் சேர்க்கப்பட்டது. நான் எழுதிய குறிப்பு விசாரணையின்றி எழுதப்பட்டது, செல்லாது என்று தனி உத்தரவும் போட்டார். அதன் பிரதியைக் குருவம்மாள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னிடம் வந்து, "வர்றேன்யா" என்றார். அவ்வளவுதான். எனக்கு மெமோ வந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்ல கதையாக இருக்கும். அன்று நாலரை மணிக்கு, பங்களா காலியான பிறகு, நான் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்து பார்த்தேன். அதுவரை அந்த ஒரு வரியையும் என் வேலையையும் தவிர வேறு நினைப்பு இல்லை. நேரில் பார்க்காமல், யாரோ சொன்னதைக் கேட்டு நான் விலக்கியிருந்த பெயர்கள் இன்னும் ஏழு இருந்தன. 'ஊரில் இல்லை.' 'வயது போதாது.' 'இறந்துவிட்டார்.' கெடு முடிந்து ஒன்பது நாள். அந்த ஏழு பேரில் ஒருவரும் மலையிறங்கி வந்து என் மேஜை முன்னால் நிற்கவில்லை. பட்டியல் எழுதி மறுநாள் அதிகாரியிடம் கொடுத்தேன். "இனி அடுத்த திருத்தத்தில்தான்" என்றார்.

மாசியில் தேர்தல். அந்த மலையடிவாரச் சாவடியில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். பட்டியலில் பெயர் பார்த்துச் சொல்லும் வேலை. காலை பத்தே காலுக்குக் குருவம்மாள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையை ஊதிக்கொண்டே போனார்.

பதினொன்றரைக்கு ஒரு பெரியவர். வெள்ளைத் துண்டு, புதுச் சவரம். பெயரைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் பட்டியலைப் பார்க்காமலே தெரியும். இருந்தாலும் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.

"உங்கள் பெயர் இல்லை ஐயா."

"நல்லாப் பாருப்பா. போன எலெக்சன்ல போட்டேன்ல."

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது. "நான்தான் எழுதினேன்" என்றேன். "நீங்கள் இறந்துவிட்டதாக."

கலகலவென்று சிரித்தார். வரிசையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீகளா, நான் செத்துட்டேனாம்ல" என்றார். அவர்களும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் குனிந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மகன்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாருப்பா சொன்னது?"

தகவல் சொன்னவர் பெயர் எழுத அந்த நோட்டில் ஒரு கட்டம் இருந்தது. அவருடைய வரியிலும் நான் அதை எழுதியிருக்கவில்லை.